தண்ணீருக்குள் டிஜிட்டல் கேமரா: சிவப்பு நிறம் எங்கே போகிறது?

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு (2018 முதல் இதன் பெயர் ஸ்வராஜ் த்வீப்) சுற்றுலா போய் வந்தவர்கள் யாரிடமாவது கடலுக்கடியில் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கரையில் எடுத்தவை பளிச்சென்று இருக்கும். எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்க்கெலிங் செய்தபோது எடுத்தவை மட்டும் பச்சையும் நீலமும் கலந்து மங்கிப் போயிருக்கும். மீன் இருக்கும் இடத்தை அவர்கள் விரல் வைத்துக் காட்டினால்தான் நமக்குத் தெரியும். கேமரா சரியில்லை என்று அலுத்துக் கொள்வார்கள். பெரும்பாலும் கேமரா மேல் குற்றம் இல்லை. தரையில் படம் எடுத்துப் பழகிய பழக்கங்கள் தண்ணீருக்குள் உதவாது, அவ்வளவுதான்.

சில வருடங்களாக ஒரு சிறிய காம்பேக்ட் கேமராவை வைத்துக் கொண்டு நீச்சல் குளம், ஊர்க் கிணறு, அந்தமான், திருகோணமலைக்கு அருகில் உள்ள புறாத் தீவு என்று தண்ணீருக்குள் படம் எடுத்து வருகிறேன். இதற்கு ஸ்கூபா டைவிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீந்தத் தெரிந்து, முகக் கண்ணாடியும் ஸ்நார்க்கெல் குழாயும் பழகியிருந்தால் போதும். பவளப்பாறைகளின் அழகில் பெரும்பகுதி முதல் 3, 4 மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. வெளிச்சமும் அங்கேதான் இருக்கிறது.

போன் போதாதா?

இந்தக் கேள்வி முதலில் வரும் என்பதால் இதை முடித்து விடுவோம். இப்போது வரும் விலை உயர்ந்த போன்களில் ஐ.பி.68 என்று போட்டிருக்கிறது. இதில் கடைசி எண்ணான 8 தண்ணீரைப் பற்றியது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். 8 என்றால் அதை விடக் கடுமையான சோதனை. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்வார். இந்தச் சோதனைகள் அசையாத நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. அலை அடிக்கும் உப்புத் தண்ணீருக்கு இது உறுதிமொழி ஆகாது. தண்ணீர் புகுந்து போன் கெட்டுப் போனால் பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி அதற்குப் பொருந்தாது. விளம்பரத்தில் நீச்சல் குளம், வாரண்டி அட்டையில் வேறு கதை!

இன்னொரு சிக்கல், டச் ஸ்கிரீன். விரலில் உள்ள மின்னூட்டத்தை உணர்ந்துதான் அது வேலை செய்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகக் கடத்தும். ஆகவே தண்ணீருக்குள் போனதும் திரை எதைத் தொட்டோம் என்று தெரியாமல் தடுமாறும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வால்யூம் பட்டனால் படம் எடுக்கலாம்தான். ஆனால் பேங்க் கணக்கு, தொடர்பு எண்கள், விமான டிக்கெட் எல்லாம் இருக்கும் ஒரே பொருளை ஒரு பிளாஸ்டிக் பையின் தையலை நம்பிக் கடலில் இறக்க எனக்கு மனம் வராது. காம்பேக்ட் கேமரா நனைந்து போனால் கேமரா மட்டும்தான் போகும்.

எந்த கேமரா?

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கேமராவே நீர்புகாமல் தயாரிக்கப்பட்டது. ஓ.எம். சிஸ்டம் நிறுவனம் 2023இல் வெளியிட்ட டி.ஜி.7 இந்த வகை. முன்பு ஒலிம்பஸ் டஃப் என்று வந்து கொண்டிருந்த வரிசையின் தொடர்ச்சி இது. 15 மீட்டர் ஆழம் வரை எந்த உறையும் இல்லாமல் போகலாம். 2024இல் வந்த பென்டாக்ஸ் டபிள்யூ.ஜி.8 கேமராவுக்கு 20 மீட்டர். இரண்டாவது வழி, சாதாரண காம்பேக்ட் கேமராவை அதற்கென்றே வார்த்த கெட்டியான பிளாஸ்டிக் ஹவுசிங்கிற்குள் வைப்பது. கேனான் தன் பவர்ஷாட் கேமராக்கள் பலவற்றுக்கு 40 மீட்டர் வரை தாங்கும் ஹவுசிங்குகளை வெளியிட்டது. டி.ஜி.7க்கும் 45 மீட்டர் வரை போகக் கூடிய ஹவுசிங் தனியாகக் கிடைக்கிறது.

பழைய கேமராவும் ஹவுசிங்கும் சேர்ந்து குறைந்த விலைக்கு வந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஹவுசிங் மாடலுக்கு மாடல் வேறு. மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பட்டன்கள் பொருந்தாது. அதற்கான ஓ-ரிங் இப்போதும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஓ-ரிங் கிடைக்காத ஹவுசிங் அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீர்கள். 12 மெகாபிக்சல் தாராளம். பார்க்க வேண்டியவை மூன்று: லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது, எவ்வளவு அருகில் போகஸ் செய்கிறது, ரா பைலாகப் பதிவு செய்யுமா. ஒலிம்பஸின் இந்த வரிசையில் ரா வசதி 2015இல் வந்த டி.ஜி.4 முதல் இருக்கிறது. அதற்கு முந்தைய மாடல்களில் ஜேபெக் மட்டும்தான். இந்த வித்தியாசம் கம்ப்யூட்டர் முன் உட்காரும்போதுதான் புரியும்.

தண்ணீர் செய்யும் வேலை

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. காற்றில் அவை எல்லாமே சிரமம் இல்லாமல் பயணம் செய்கின்றன. தண்ணீர் அப்படி இல்லை. சிவப்பை முதலில் விழுங்கி விடும். தெளிவான கடலில் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். 10 மீட்டரில் ஆரஞ்சு மங்கும். 20 மீட்டர் வாக்கில் மஞ்சளும் சோர்ந்து விடும். மிஞ்சுவது பச்சையும் நீலமும். ஆழத்தில் ஒருவருக்குக் கையில் அடிபட்டால் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும் என்று டைவர்கள் சொல்வது இதனால்தான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒளி மேலிருந்து மீனுக்கு இறங்கி வரும் தூரம் மட்டும் கணக்கில்லை. மீனிலிருந்து உங்கள் லென்சுக்கு வரும் தூரமும் சேர்ந்துதான் கணக்கு. 2 மீட்டர் ஆழத்தில் உள்ள மீனை 4 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி மொத்தம் 6 மீட்டர் தண்ணீரைக் கடந்திருக்கிறது. சிவப்பு காலி. அதே மீனை அரை மீட்டரில் எடுத்தால் இரண்டரை மீட்டர்தான். நிறம் ஓரளவு உயிரோடு இருக்கும். 'ஆழம் அதிகம் போகவில்லையே, ஏன் படம் நீலமாக இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நிறத்தோடு தெளிவும் போகும். கடல் நீரில் நுண்ணுயிர்களும் மணல் துகள்களும் மிதந்து கொண்டே இருக்கும். தூரம் கூடக் கூடப் பனிமூட்டத்தின் வழியாகப் பார்ப்பது போலாகி விடும். இதற்கு ஜூம் தீர்வாகாது. ஜூம் செய்தால் மீன் பெரிதாகும். இடையில் உள்ள தண்ணீரும் அத்தனை தூசியும் அப்படியேதான் இருக்கும். ஆகவே தண்ணீருக்குள் ஜூம் பட்டன் என்று ஒன்று இருப்பதையே மறந்து விடுங்கள். லென்சை முழு வைடில் வைத்து, நீங்களே அருகில் போங்கள். பெரிய பொருளுக்கு 1 மீட்டர், சிறிய பொருளுக்கு ஒரு முழத்துக்குள். இந்த ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தாலே படங்களில் பாதி தேறி விடும்.

ஒளி தண்ணீரில் நுழையும்போதும் வெளியேறும்போதும் வளையும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் முகக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது 1 மீட்டரில் உள்ள மீன் முக்கால் மீட்டரில் இருப்பது போலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கேமராவின் தட்டையான கண்ணாடிக்கும் இதே நிலைதான். 25 மி.மீ. வைட் லென்ஸ் தண்ணீருக்குள் ஏறத்தாழ 33 மி.மீ. லென்ஸ் போலாகி விடும். வாங்கும்போது அகலமாகப் பார்க்கும் லென்சாகப் பாருங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே. ஆட்டோ போகஸ் பற்றிக் கவலை வேண்டாம். உங்களை ஏமாற்றும் அதே பிம்பத்தைப் பார்த்துத்தான் கேமராவும் போகஸ் செய்கிறது.

இந்த நிறப் பிரச்சினை புதிதல்ல. பிரான்சின் லூயி பூட்டான் 1893இல் பன்யூல்ஸ் கடலில் படம் எடுத்தபோது எல்லாம் கறுப்பு வெள்ளை. கலரில் எடுக்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் புளோரிடா அருகே வில்லியம் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் இருவரும் தண்ணீருக்கு மேல் மிதவையில் மெக்னீசியப் பொடியை வெடிக்கச் செய்து, அந்த வெளிச்சத்தில் மீனைக் கலரில் எடுத்தார்கள். 1927 ஜனவரி நேஷனல் ஜியாக்ரபிக் இதழில் அந்தப் படங்கள் வந்தன. நம் கேமராவில் உள்ள சின்ன ஃப்ளாஷ் அந்த வெடியின் பேரன்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

அந்தப் பேரனைப் பெரும்பாலான நேரம் தூங்க விடுவது நல்லது! காம்பேக்ட் கேமராவில் ஃப்ளாஷ் லென்சை ஒட்டியே இருக்கும். அதன் வெளிச்சம் லென்சுக்கு முன்னால் மிதக்கும் தூசி ஒவ்வொன்றிலும் பட்டு நேராகத் திரும்பி வரும். படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள், பனி கொட்டுவது போல. தண்ணீருக்குள் இந்தச் சிறிய ஃப்ளாஷ் எட்டுவதும் 1 மீட்டர் அளவுதான். எனவே ஒரு முழத்துக்குள் இருக்கும் நத்தை, சிறு மீன், பவளத்தின் ஒரு கிளை போன்றவற்றுக்கு மட்டும் ஃப்ளாஷ் போடுங்கள். மற்றவற்றுக்கு ஆஃப். ஆட்டோவில் விடாதீர்கள். நிழலைக் கண்டால் கேமரா தானாகவே வெடிக்கும்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுக்கும் அமைப்பு இது. இத்தகைய கேமராக்களில் 'அண்டர்வாட்டர்' என்று மீன் படம் போட்ட ஒரு மோட் இருக்கும். ஆரம்பத்தில் அதுவே போதும். இன்னும் நன்றாக வர வேண்டுமானால் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் பழகுங்கள். நீங்கள் படம் எடுக்கப் போகும் ஆழத்தில் வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்றை, அது இல்லாவிட்டால் வெண்மணலை, கேமராவுக்குக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். 2, 3 மீட்டர் ஆழம் மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும். தண்ணீருக்குள் மெனுவைத் தேடிக் கொண்டிருக்க நேரம் இருக்காது. எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று வீட்டில் சோபாவில் உட்கார்ந்தே பழகி விடுங்கள். கண்ணை மூடிக் கொண்டு செய்ய வந்தால் சரி.

ரா வசதி இருந்தால் ரா, ஜேபெக் இரண்டையும் ஆன் செய்யுங்கள். அப்போது ஒயிட் பேலன்ஸை வீட்டிற்கு வந்து கூட மாற்றலாம். ஐ.எஸ்.ஓ. 400ஐத் தாண்ட விடாதீர்கள். சிறிய சென்சாரில் அதற்கு மேல் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். மீன் ஓடிக் கொண்டே இருக்கும் என்பதால் ஷட்டர் 1/125 நொடியாவது வேண்டும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து மைனஸ் 0.3 அல்லது 0.7இல் வையுங்கள். மேற்பரப்பு அருகே வெயில் வெள்ளையாக வெடித்துப் போவதை இது தடுக்கும். திரையைப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்ய வேண்டாம். வெயிலில் இருட்டாகத் தெரியும், இரவில் அறையில் பார்த்தால் பளபளக்கும். ஹிஸ்டோகிராம் பொய் சொல்லாது.

காலை 10 முதல் பிற்பகல் 2 வரை சூரியன் உச்சியில் இருக்கும். தரையில் படம் எடுப்பவர்கள் ஒதுக்கும் இந்த நேரம்தான் தண்ணீருக்குள் நல்ல நேரம். சூரியன் சாயச் சாய ஒளியில் கூடுதல் பகுதி மேற்பரப்பில் பட்டுத் தெறித்துப் போய்விடும்.

ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்

கேமராவுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். குக்கர் மூடியில் இருக்கும் காஸ்கெட்டின் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். நீர்புகாத கேமராவானால் பேட்டரி மூடியிலும் கார்டு மூடியிலும் உள்ள சீல் இந்த வேலையைச் செய்கிறது.

தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரு மடங்காகும். இந்த அழுத்தம் ஹவுசிங்கின் மூடியை இறுக்கி, ஓ-ரிங்கை இன்னும் அழுத்தமாகப் பொருத்தும். அதனால் பல ஹவுசிங்குகள் ஆழத்தை விட மேல்மட்டத்தில், அலையில் புரளும்போதுதான் கசிகின்றன. நன்றாக அழுத்திப் பொருந்தியிருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு தலைமுடி கிடந்தால் போதும், அதன் ஓரமாகத் தண்ணீர் பாதை போட்டுக் கொள்ளும். என் நண்பர் ஒருவரின் கேமரா அப்படித்தான் போனது. டவலால் துடைத்தபோது ஒட்டிய ஒரு நூல் இழை ஓ-ரிங்கின் குறுக்கே கிடந்தது. படகிலிருந்து குதித்த 5 நிமிடத்தில் லென்சின் கீழ்ப்பாதியில் தண்ணீர் ஆடிக் கொண்டிருந்தது. புறாத் தீவில் கருந்துடுப்புச் சுறாக்களைப் பார்க்கத்தான் அவர் வந்தார். சுறா வந்தது, கேமரா இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதல் நாள் இரவே, மின்விசிறியை நிறுத்தி விட்டு, நல்ல வெளிச்சத்தில் மேஜை மேல் சுத்தமான துணி விரித்து உட்காருங்கள். ஓ-ரிங்கை எடுக்க ஊசி, ஸ்க்ரூ டிரைவர் கூடாது, பழைய ஏ.டி.எம். கார்டின் மூலை போதும். வளையத்தை விரல் நடுவில் விட்டு மெதுவாக உருவிப் பாருங்கள். மணல் துகள் இருந்தால் விரலுக்குத் தெரிந்து விடும். அது உட்காரும் பள்ளத்தையும் எதிர்ப் பக்கத்தையும் துடையுங்கள். நிறுவனம் கொடுத்திருக்கும் கிரீஸை ஓர் அரிசி அளவு எடுத்து, வளையம் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். நிறையத் தடவினால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம். அது மணலையும் முடியையும் பிடித்து வைத்துக் கொள்ளும். கிரீஸின் வேலை ரப்பரை வழுக்கலாக வைப்பதுதான், ஓட்டையை அடைப்பது அல்ல. வீட்டில் இருக்கிறதே என்று வாசலின் தடவாதீர்கள். சில வகை ரப்பர் அதில் ஊறிக் கெட்டு விடும். நீர்புகாத கேமராக்களில் உள்ளே உள்ள சீலுக்கு கிரீஸே வேண்டாம் என்று மேனுவலில் இருந்தால் அதன்படியே நடக்கவும். அந்த சீல்களை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் மேனுவல்களும் உண்டு. வாங்கி மூன்று வருடம் பெட்டியில் தூங்கிய கேமராவை நேராகக் கடலுக்கு எடுத்துப் போவது ஆபத்து.

மூடும்போது ஏ.சி. அறையில் மூடுவது நல்லது. கடற்கரையில் மூடினால் ஈரக் காற்று உள்ளே மாட்டிக் கொள்ளும். தண்ணீரின் குளிர்ச்சி பட்டதும் அது கண்ணாடியின் உட்புறம் ஆவியாகப் படியும். புது ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஓரத்தில் செருகி வைத்தால் இந்தப் பிரச்சினை குறையும். ஆனால் பொட்டலத்தின் நுனி ஓ-ரிங்கில் மாட்டாமல் பார்த்துக் கொள்ளுங்கள்!

முதலில் வாளி, பிறகு குளம்

புது ஹவுசிங்கை கேமரா இல்லாமல் சோதியுங்கள். உள்ளே டிஷ்யூ பேப்பரைப் பரப்பி, கனத்துக்கு ஏதாவது வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். வெளியே எடுத்துத் துடைத்துத் திறந்தால் பேப்பர் காய்ந்து இருக்க வேண்டும். பட்டன்களையும் தண்ணீருக்குள்ளேயே அழுத்திப் பாருங்கள். கசிவு பல நேரம் அவற்றின் வழியாகத்தான் வரும்.

பிறகு நீச்சல் குளம். ஊரில் பம்ப்செட் கிணறு இருந்து, நன்றாக நீந்தத் தெரிந்தால் அதுவும் சரி. நான் வழக்கமாக எடுத்துப் போவது ரூபிக்ஸ் கியூப். ஆறு நிறங்களும் ஒரே பொருளில் இருக்கின்றன. அதை ஒருவரைப் பிடித்துக் கொள்ளச் சொல்லி அரை மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தூரத்தில் எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எடுங்கள். வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டரில் வரிசையாகப் பார்த்தால் சிவப்புப் பக்கம் எந்தத் தூரத்தில் செங்கல் நிறமாகிறது, எந்தத் தூரத்தில் பழுப்பாகிறது என்று தெளிவாகத் தெரியும். உங்கள் கேமராவின் குணம் புரிந்து விடும். இதைச் செய்யாமல் கடலுக்குப் போனால், ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போன இடத்தில் மேனுவலைப் படித்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடலில்

கேமரா தண்ணீரில் மூழ்கும், மிதக்காது. ஸ்நார்க்கெலிங்கிற்கு ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் கைப்பட்டை ஒன்றைப் போட்டு விடுங்கள். இறங்கியதும் முதலில் கேமராவை ஓரடி ஆழத்தில் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் உடனே வெளியே எடுத்து விடலாம்.

மேலிருந்து கீழே பார்த்து எடுக்கும் படம் அநேகமாகச் சோபிக்காது. மீனின் முதுகும் பின்னால் இருக்கும் பாறையும் ஒரே நிறத்தில் கலந்து விடும். மீனின் கண் மட்டத்துக்கு இறங்கி, முடிந்தால் சற்றே மேல்நோக்கி எடுங்கள். பின்னால் நீலத் தண்ணீர் வரும்போது மீன் தனியாகத் தெரியும். துரத்தினால் மீன் வாலைத்தான் காட்டும். ஓரிடத்தில் அசையாமல் மிதந்தால் கிளாத்தியும் கிளி மீனும் தாமாகவே திரும்பி வரும். ஆரம்பத்தில் எளிதானது கோமாளி மீன். தன் கடல் அனிமோனை விட்டு அது எங்கும் போகாது, நீங்கள் நூறு படம் எடுக்கும் வரை அங்கேயே சுற்றிக் கொண்டிருக்கும்.

படம் எடுக்கும் ஆர்வத்தில் மறக்கக் கூடாத சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன். கூட ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள். திரையையே பார்த்துக் கொண்டிருப்பவருக்கு நீரோட்டம் எங்கே இழுத்துப் போகிறது என்பது தெரியாது. ஐந்து படத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் படகைப் பாருங்கள். ஸ்கூபா செய்பவர்கள், கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக் கொள்ளவே கூடாது. மூச்சைப் பிடித்தபடி மேலே எழும்பினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். புதிதாக டைவிங் கற்றுக் கொள்பவர்கள், நடு நீரில் அசையாமல் நிற்கப் பழகும் வரை கேமராவை அறையிலேயே விட்டு வரலாம். பவளத்தின் மேல் நிற்பதோ, அதைப் பிடித்துக் கொண்டு படம் எடுப்பதோ வேண்டாம். அது கல் அல்ல, உயிர். பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒடிந்து கிடக்கும் துண்டைக் கூட நினைவுப் பொருளாக எடுத்து வரக் கூடாது.

பருவமும் முக்கியம். அந்தமானில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். திருகோணமலைப் பக்கம் அதற்கு நேர்மாறாக மே முதல் செப்டம்பர் வரை. கலங்கிய நாளில் எந்த கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கரைக்கு வந்ததும் கேமராவைத் திறக்கக் கூடாது. முதலில் மூடியபடியே நல்ல தண்ணீரில் 10, 15 நிமிடம் ஊற விட்டு, எல்லாப் பட்டன்களையும் அழுத்தி அழுத்தி உப்பைக் கழுவுங்கள். உப்பு காய்ந்து படிகமானால் பட்டனின் சீலை அறுக்கும். துடைத்து, நிழலில் காய வைத்து, தலைமுடியும் கையும் உலர்ந்த பிறகு திறக்கவும். ஒருவேளை உள்ளே தண்ணீர் புகுந்து விட்டால் 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீர்கள். பேட்டரியையும் கார்டையும் கழற்றி விடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் உப்பு போகாது; சர்வீஸ் சென்டர்தான் வழி. மெமரி கார்டு பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய வைத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் சிவப்பை மீட்பது

இங்கேதான் நம் வாசகர்களுக்கு விருப்பமான வேலை ஆரம்பிக்கிறது. போட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும். மூலப் படத்தைத் தொடாமல் ஒரு காப்பி எடுத்துக் கொண்டு, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறவுங்கள். சேனல் என்ற இடத்தில் ரெட் என்று தேர்ந்தெடுங்கள். மலை போன்ற ஒரு வரைபடம் தெரியும். தரையில் எடுத்த படத்தில் அந்த மலை இடமிருந்து வலம் வரை பரவி இருக்கும். கடல் படத்தில் முழுவதும் இடது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். வலது பக்கம் உள்ள வெள்ளை முக்கோணத்தை, மலை முடியும் இடம் வரை இடது பக்கம் இழுங்கள். படம் நீலத்திலிருந்து விழித்து எழுவதைப் பார்க்கலாம். பிறகு கிரீன் சேனலுக்கும் இதையே கொஞ்சமாகச் செய்யுங்கள். புளூவை பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. சோம்பலாக இருந்தால் ஆட்டோ இன்புட் லெவல்ஸ் என்ற பட்டன் மூன்றையும் ஒரே கிளிக்கில் செய்யும். சில படத்துக்கு அற்புதமாக வரும், சில படத்தில் தண்ணீர் ரோஜா நிறமாகி விடும்.

இதன் கணக்கு எளிது. ஒரு பிக்சலில் சிவப்பு 40, பச்சை 150, நீலம் 170 என்று இருக்கிறது. வெள்ளை முக்கோணத்தை 255இலிருந்து 100க்குக் கொண்டு வந்தால், 40 என்பது 102 ஆகிறது. நிறம் திரும்பியது. ஆனால் இருந்த 100 படிகளை 256 இடங்களுக்கு இழுத்திருக்கிறோம் என்பதால் நடுநடுவே இடைவெளி விழும். ஆகாயமும் தண்ணீரும் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். 12 பிட் ரா பைலில் 256க்குப் பதில் 4096 படிகள் உள்ளன. எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ரா பைலைத் திறக்க டார்க்டேபிள், ராதெரபி என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை எடுத்து வெண்மணலில் ஒரு கிளிக் செய்தாலே பாதி வேலை முடிந்து விடும்.

சிவப்பு 40 இல்லை, 5தான் இருக்கிறது என்றால்? இழுத்தால் புள்ளிகள்தான் பெரிதாகும். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கலர்ஸ் மெனுவில் காம்போனன்ட்ஸ், அதில் சேனல் மிக்ஸர். ரெட் சேனலில் கிரீன் அளவை 0இலிருந்து 0.3 ஆக்குங்கள். பச்சையின் 150இல் பத்தில் மூன்று பங்கு 45. அது சிவப்பின் 5உடன் சேர்ந்து 50 ஆகும். பிறகு லெவல்ஸ். தோல் நிறம் ஓரளவு மனித நிறத்துக்கு வரும். ஆனால் இது கடன் வாங்கிய சிவப்பு, கடலில் இருந்த சிவப்பு அல்ல. குடும்ப ஆல்பத்துக்குச் சரி. இந்த மீனின் நிறம் இதுதான் என்று யாரிடமும் காட்டிச் சாதிக்க முடியாது.

2019இல் தெரியா அக்கைனாக், தாலி ட்ரெய்பிட்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சீ-த்ரூ என்ற முறை இந்த இடத்தில் வேறுபடுகிறது. ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, அந்தத் தூரத்துக்கான தண்ணீரை மட்டும் படத்திலிருந்து கழிக்கிறது. நாம் லெவல்ஸில் செய்வது அருகில் உள்ள மீனுக்கும் தூரத்துப் பாறைக்கும் ஒரே மருந்து கொடுப்பது. அதனால்தான் மீனைச் சரி செய்தால் பின்னணி கெடுகிறது. கிம்ப்பில் இதைச் சமாளிக்க, லேயரை நகல் எடுத்து, திருத்திய லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, மீன் இருக்கும் இடத்தில் மட்டும் திருத்தம் தெரியும்படி மெல்லிய பிரஷ்ஷால் வரையலாம். பின்னணித் தண்ணீர் நீலமாகவே இருக்கட்டும். கடல் நீலமாக இருப்பதில் தப்பில்லையே.

எதற்கும் அசையாத படங்களை அழித்து விடாதீர்கள். கலர்ஸ், காம்போனன்ட்ஸ், மோனோ மிக்ஸர் போய் கிரீனை 1, மற்ற இரண்டையும் 0 என்று வையுங்கள். அதிகப் புள்ளி இல்லாத நல்ல கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். வெயிலுக்கு எதிரே நீந்திப் போன ஒரு கடலாமையை நான் இப்படித்தான் காப்பாற்றி, பிரிண்ட் போட்டு மேஜைக்கு மேல் மாட்டி வைத்திருக்கிறேன். கலரில் அது வெறும் பச்சைச் சேறு.

திரும்பும்போது ஒரு குறிப்பு. விமானத்தில் ஹவுசிங்கை இறுக்கமாகப் பூட்டி எடுத்துப் போகாதீர்கள். கேபின் அழுத்தம் மாறியதில் மூடி ஒட்டிக் கொண்டு திறக்க வராமல் போகும். ஓ-ரிங்கைக் கழற்றித் தனியாக ஒரு சிறு பையில் போட்டு விடுங்கள். உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது.